முதலில் திரும்பி வந்த பணம்



ஹைதராபாத் நகரின் மேற்கே கொண்டாப்பூர் என்றொரு பகுதி உண்டு. 1998-ஆம் ஆண்டில் அருகேயுள்ள மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பின்பு வளர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. இன்று தாவரவியல் பூங்காவின் மதிலிலிருந்து கொத்தகூடா சந்திப்பு வரைக்கும் அடுக்குமாடிகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் சேலத்திலும் பிறந்த நம் பிள்ளைகள் அங்கே வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். வாரம் முழுவதும் ஆங்கிலமும் அரைகுறைத் தெலுங்கும் பேசிவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்த பின்புதான் தமிழில் வாய் நிறையப் பேசுகிறார்கள். உங்களில் சிலர் இந்த வரிகளை அங்கிருந்தோ, அதைப் போன்ற வேறொரு நகரத்திலிருந்தோ வாசிக்கக்கூடும்.

ஊரில் இருந்த நாட்களில் சீட்டுப் பிடித்த அக்காளை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய வீடு எது, தகப்பனார் யார், மூத்த மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். ஒருவேளை அவர்கள் இரவோடிரவாக ஓடிப்போனாலும், தம்பியின் மளிகைக் கடை அதே தெருவில்தான் இருக்கும். நற்பெயர் என்பது அங்கே வாசற்படியைப் போலக் கண்ணால் காணக்கூடிய பொருள். நகரத்திலோ எதிர் வீட்டுக்காரரின் பெயரே நமக்குத் தெரிவதில்லை. இந்த வெறுமையான இடத்திற்குள்தான் கைபேசியின் வழியாக ஒரு குழு நுழைகிறது. அதில் நானூறு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் "எனக்குப் பணம் வந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். கிரிப்டோ நாணயம் என்று சொல்லப்படும் மெய்நிகர் நாணயத்தைச் சுற்றி இப்படிப்பட்ட குழுக்கள் ஏராளம். அவற்றில் நம்பிக்கை எவ்விதமாக உண்டாக்கப்படுகிறது என்பதைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹைதராபாத் காவல்துறை ஒரு வழக்கின் விவரங்களை வெளியிட்டது. அந்நகரவாசி ஒருவருக்கு டெலிகிராம் வழியாக ஒரு பகுதிநேர வேலை வந்தது. வேலை மிகவும் எளிது: இணையத்தில் காட்டப்படும் நிறுவனங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் அவர் செலுத்தியது வெறும் ஆயிரம் ரூபாய். அதற்கு 866 ரூபாய் லாபம் வந்தது. பின்பு 25,000 ரூபாய் செலுத்தினார். 20,000 ரூபாய் லாபம் வந்தது. அதற்குப் பிறகு அவர் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்? தொகை ஏறிக்கொண்டே போயிற்று. திரையில் லாபமும் ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் எடுக்கப் போனபோது பணம் வரவில்லை. அவர் இழந்தது 28 லட்சம் ரூபாய். காவல்துறை விசாரித்தபோது, நாடெங்கும் ஏறக்குறைய 15,000 பேர் இதே வலையில் விழுந்திருந்ததும், 712 கோடி ரூபாய் கைமாறியிருந்ததும் தெரியவந்தது. இந்திய வங்கிக் கணக்குகளுக்குள் வந்த பணம் துபாய் வழியாக யுஎஸ்டிடி என்னும் கிரிப்டோ நாணயமாக மாற்றப்பட்டு, சீனாவிலிருந்த சூத்திரதாரிகளுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் காவல்துறை சொன்னது. ஒன்பது பேர் கைது செய்யப்பட்டார்கள்.

பிரியமானவர்களே, இந்த வழக்கில் இரண்டு காரியங்களைச் சற்று நின்று கவனியுங்கள். அந்த மனிதருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே, தாம் கண்டிராத நிறுவனங்களுக்கு நற்பெயரை உண்டாக்குவது. அறியாமலே அவர் பொய்யான நற்சான்றை எழுதினார். அதே முறையில் பிறர் காட்டிய பொய்யான நம்பிக்கைக்கு அவரும் இரையானார். இரண்டாவது, அவரை நம்ப வைத்தது விளம்பரமும் அல்ல, பேச்சும் அல்ல; அவர் கைக்கே வந்த 866 ரூபாய்தான். அது மெய்யான பணம். கடையில் கொடுத்தால் அரிசி வாங்கலாம். மோசக்காரனுடைய கணக்கிலோ அது தூண்டிலில் கோக்கப்பட்ட புழுவின் விலை.

பணம் போனதற்குச் சாட்சி, பெற்றவனுக்கு யார் சாட்சி?

கிரிப்டோ நாணயத்தைக் குறித்து நம் வாலிபர்கள் ஒரு நியாயம் சொல்வதுண்டு: "அதில் ஏமாற்றவே முடியாது, ஒவ்வொரு பரிமாற்றமும் எல்லாரும் பார்க்கும்படி பதிவாகிறது." இதில் பாதி உண்மை. பிளாக்செயின் என்னும் அந்தப் பொதுப் பேரேட்டில், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போயிற்று என்பது அழிக்க முடியாதபடி எழுதப்படுகிறது. ஆனால் அந்த முகவரி நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை மாத்திரமே. அதற்குப் பின்னால் இருப்பவர் நாணயஸ்தரா, அவருக்கு வீடு உண்டா, வாக்கைக் காப்பாரா என்பதை அந்தப் பேரேடு சொல்லுவதில்லை. மேலும் அனுப்பிய பணத்தை அனுப்பியவரே திரும்ப அழைக்க முடியாது. வங்கியிலாவது ஒரு மேலாளர் இருக்கிறார். அவரிடம் போய் நிற்கலாம்.

இந்த நாணயத்தின் ஆதி நாட்களில் இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயினைக் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். கடைக்காரர் பிட்காயினைக் கண்டதுகூட இல்லை. இணையத்தில் பழக்கமான முன்பின் தெரியாத ஒரு வாலிபர் தம்முடைய பணத்தில் பீட்சாவை வரவழைத்துக் கொடுத்தார். அவருக்கு இவர் பிட்காயினை அனுப்பினார். நடுவில் வங்கியும் இல்லை, பிணையாளியும் இல்லை. வாக்கு ஒன்றே நின்றது. அன்றைக்கு அந்தப் பிட்காயின்களின் மதிப்பு சுமார் 41 டாலர்தான் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். 41 டாலருக்கு வாக்கைக் காப்பது எளிது.

அதன் பின்பு இரண்டே ஆண்டுகளில் என்ன நடந்தது தெரியுமா? டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிரெண்டன் ஷேவர்ஸ் என்பவர் ஒரு புனைபெயரோடு அதே கூட்டத்தாருக்குள் வந்தார். பிட்காயினைத் தம்மிடம் கொடுத்து வைத்தால் வாரத்துக்கு 7 சதவீதம் வரைக்கும் வட்டி தருவதாகச் சொன்னார். மாதத்துக்கு அல்ல, வாரத்துக்கு! சொன்னபடியே பல மாதங்கள் கொடுத்தும் வந்தார். கொடுக்கக் கொடுக்க அவர் பெயர் ஓங்கியது. தங்கள் பெயரில் பிறரிடம் வசூலித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டானார்கள். சந்தேகம் எழுப்பியவர்களுக்கு, "அவர் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறார், உனக்கு என்ன?" என்பதே பதிலாயிற்று. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எல்லாம் நின்றுபோயிற்று. அதற்குள் 7 லட்சத்துக்கும் அதிகமான பிட்காயின் அவரிடம் போயிருந்தது. புதிதாய் வந்தவரின் முதலை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுத்ததே அந்தத் தொழில் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013-ல் வழக்குத் தொடுத்தது. 2016-ல் அவருக்கு ஒன்றரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

நம் ஊரார் இதைக் கேட்டால் ஈமு கோழியை நினைத்துக்கொள்வார்கள். பெருந்துறையில் 2012-ஆம் ஆண்டில்தான் அதுவும் கவிழ்ந்தது. கோழியானாலும் தேக்கு மரமானாலும் நாணயமானாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். ஆனால் ஈமு பண்ணையிலாவது போய்ப் பார்க்க ஒரு கோழி இருந்தது.

இந்தியாவில் இதே இயந்திரம் பெரிய அளவில் ஓடியது கெயின்பிட்காயின் என்னும் திட்டத்தில். 2015-ஆம் ஆண்டில் அமித் பரத்வாஜ் என்பவர் தொடங்கியது. பிட்காயினாகச் செலுத்தினால் 18 மாதங்களுக்கு மாதம் 10 சதவீதம் பிட்காயினாகவே திரும்ப வரும் என்பது வாக்கு. அதிகமான ஆட்களைக் கொண்டுவருகிறவர்களுக்குத் தனியாகத் தரகு உண்டு. சில காலம் வாக்குப்படியே வந்தது. பின்பு 2017-ல், பிட்காயினுக்குப் பதிலாக எம்கேப் என்று தாங்களே உண்டாக்கிய ஒரு நாணயத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் விலையையும் அவர்களே சொன்னார்கள். சீட்டு முடிந்து பணம் கேட்கப் போனவரிடம், "பணம் இல்லை, என் கையெழுத்துப் போட்ட காகிதம் தருகிறேன், ஆயிரம் ரூபாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைப் போன்றது அது. அவர் 2018-ல் கைது செய்யப்பட்டார். 2022 ஜனவரியில் மரித்துப்போனார். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி வழக்குகள் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. 2025 பிப்ரவரியில்கூட நாட்டின் பல நகரங்களில் சோதனைகள் நடந்தன. பணத்தைக் கொடுத்தவர்களில் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

நீங்கள் யாராவது ஒருவருக்குப் பணம் கொடுத்து, அவர் திரும்பத் தருவது வேறு பெயருள்ள நாணயமாகவோ, திரையில் காட்டப்படும் எண்ணாகவோ இருந்தால், அதை வரவாக எழுதாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபாயாக வந்து சேரும் நாள்வரை அது செலவுதான்.

சபைக்குள் வரும் செய்தி

இனி எழுதப்போவது சிலருக்குக் கசப்பாயிருக்கும். இந்தத் திட்டங்கள் அந்நியன் வாயால் மாத்திரம் வருவதில்லை. நமக்கு அறிமுகமான, நாம் மதிக்கிற ஒரு சகோதரியோ சகோதரனோதான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் பொய்யர் அல்ல. அவருக்கு மெய்யாகவே பணம் வந்திருக்கிறது. வந்ததைச் சாட்சியாகச் சொல்கிறார். சாட்சியைச் சந்தேகிக்கக் கூடாது என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் அவருடைய சாட்சி எதற்குச் சாட்சி? தமக்குப் பணம் வந்தது என்பதற்கு மாத்திரமே. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே தெரியாது. பெரும்பாலும் அது அவருக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணம். ஒருவேளை அவரே அழைத்துவந்த இன்னொரு விசுவாசியின் பணமாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இணையவழி ஆராதனை நடத்திய ஒரு போதகரும் அவர் மனைவியும் ஒரு கிரிப்டோ நாணயத்தை உண்டாக்கி, 2022, 2023-ஆம் ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் அநேகர் கிறிஸ்தவர்கள். சேர்ந்த தொகை ஏறக்குறைய 32 லட்சம் டாலர். அந்த நாணயத்துக்குப் பெறுமதியே இல்லை என்றும், பணத்தில் ஒரு பகுதி சொந்தச் செலவுக்குப் போயிற்று என்றும் கொலராடோ மாநில அதிகாரிகள் 2024 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார்கள். 2025-ல் அது குற்றவழக்காகவும் ஆயிற்று. தேவனே இதைச் செய்யச் சொன்னார் என்று தாம் நம்பியதாக அந்தப் போதகர் காணொளியில் பேசினார். யாரையும் நியாயந்தீர்க்க இதைச் சொல்லவில்லை. தேவனுடைய நாமத்தைச் சொல்லி விற்கப்படும்போது, கணக்குக் கேட்பவன் அவிசுவாசியாகக் காணப்படுகிறான் என்பதற்காகவே சொல்கிறோம். கணக்குக் கேட்பது அவிசுவாசம் அல்ல. அந்நியனுக்காகப் பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகளின் புஸ்தகம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு இணைப்பை சபைக் குழுவில் அனுப்புகிறவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிணையாளியாக நிற்கிறார்.

நற்பெயரைக் கடன் வாங்குவதற்கு வேதவசனம்தான் வேண்டும் என்பதும் இல்லை. கொண்டாப்பூருக்கு அடுத்த ஹைடெக் சிட்டியில் இயங்கிய ஃபால்கன் என்னும் முதலீட்டுத் திட்டம், பிரபலமான பெரிய நிறுவனங்களின் பில்களுக்குப் பணம் கொடுப்பதாகச் சொல்லி வசூலித்தது. அது கிரிப்டோ அல்ல. ஆனாலும் அலுவலகம் இருந்தது, செயலி இருந்தது, பெரிய பெயர்கள் இருந்தன. 2025 பிப்ரவரியில் சைபராபாத் காவல்துறை வழக்குப் பதிந்தபோது, வசூலானது சுமார் 1,700 கோடி என்றும், ஏறக்குறைய 7,000 பேருக்கு 850 கோடி ரூபாய் திரும்ப வரவேண்டியிருக்கிறது என்றும் சொல்லப்பட்டது.

உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்டால்

வாலிபர்களே, விடுதிகளில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பிமாரே, இந்தப் பகுதியை உங்களுக்காகவே எழுதுகிறோம். மோசம் செய்கிறவர் சீனாவிலோ கம்போடியாவிலோ இருக்கலாம். ஆனால் ஏமாந்தவர் பணம் போடுவது ஓர் இந்திய வங்கிக் கணக்கில்தான். அந்தக் கணக்கு யாருடையது? மாதம் இவ்வளவு என்று கமிஷன் பேசி, பாஸ்புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் ஒருவனிடம் கொடுத்த ஒரு சாதாரண மனிதருடையது. "கம்பெனி வரி விஷயமாக உன் கணக்கு வேண்டும்" என்று சொல்லிக் கேட்பார்கள். காவல்துறை முதலாவது வந்து தட்டுவது அந்தக் கதவையே. எனக்கு ஒன்றும் தெரியாது என்ற பதில் கைதைத் தடுப்பதில்லை.

இன்னொரு விதமும் உண்டு. யுஎஸ்டிடி நாணயத்தை ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் செயலிகள் இருக்கின்றன. சந்தை விலையைக் காட்டிலும் இரண்டு ரூபாய் அதிகம் கொடுக்க ஒருவர் முன்வருவார். அவர் பெயருக்கு எதிரே, இத்தனை நூறு பரிமாற்றம், 98 சதவீதம் நிறைவேற்றம் என்று செயலி காட்டும். நீங்கள் நம்பி விற்பீர்கள். ரூபாயும் உடனே வரும். மூன்று வாரம் கழித்து உங்கள் சம்பளக் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். ஏனெனில் உங்களுக்கு வந்த ரூபாய், குஜராத்திலோ ராஜஸ்தானிலோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம். அவர் புகார் கொடுத்திருக்கிறார். பணம் போன பாதையில் உங்கள் கணக்கும் இருக்கிறது. வாடகை கட்ட முடியாமல், முன்பின் தெரியாத மாநிலத்தின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த 98 சதவீதம்? நல்ல மதிப்பீடு பெற்ற கணக்குகளை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஒருவர் தம் நற்பெயரை இன்னொருவருக்கு விற்க முடியுமா? இங்கே முடிகிறது.

அப்படியானால் பதிவு பெற்ற பெரிய நிறுவனத்தின் வழியாகச் செய்தால் தவறில்லையே என்று கேட்பீர்கள். இந்தியாவில் கிரிப்டோ வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. ரிசர்வ் வங்கி 2018-ல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் மாதத்தில் நீக்கியது. 2022 முதல் லாபத்தின்மேல் 30 சதவீத வரி உண்டு. 2023 மார்ச் முதல் இந்த நிறுவனங்கள் கருப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஆனால் வரி வாங்குவது வேறு, பிணை நிற்பது வேறு. வங்கி மூழ்கினால் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

வசீர்எக்ஸ் என்னும் பிரபலமான நிறுவனத்தில் 2024 ஜூலை 18-ஆம் தேதி நடந்த திருட்டில் சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் போயின. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி அங்கே ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்னும் வேறு வகை நாணயத்தை வாங்கி வைத்திருந்தார். திருடப்பட்டது அவருடைய நாணயம் அல்ல. ஆனாலும் அவருடைய கணக்கும் முடக்கப்பட்டது, நஷ்டத்தில் எல்லாரும் பங்கேற்க வேண்டும் என்றார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்றும், ஒருவர் மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார். நம்முடைய நாட்டில் இது முக்கியமான தீர்ப்பு. எதிரே பெயரும் விலாசமும் உள்ள ஒரு நிறுவனம் இருந்ததால் அவரால் நீதிமன்றம் போக முடிந்தது என்பதையும் கவனியுங்கள். டெலிகிராம் குழுவின்மேல் யார் வழக்குப் போடுவது?

ஏற்கனவே பணத்தை இழந்துவிட்ட குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. இழந்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது மறைப்பது. மனைவிக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருப்பார். நகையை அடகு வைத்திருப்பார். போதகரிடம் சொல்லக் கூச்சமாயிருக்கும். அந்தக் கூச்சத்தில் கழிகிற நேரம்தான் மோசக்காரனுக்கு வேண்டியது. 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் இன்னும் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் இருக்கும்போதே நிறுத்தி வைக்க வழியுண்டு. யுஎஸ்டிடியாக மாறி ஒரு முகவரிக்குப் போய்விட்டால், நிறுத்தச் சொல்ல வங்கி கிடையாது. தெலங்கானாவில் இப்படி நிறுத்தி வைக்கப்பட்ட பணம் லோக் அதாலத் வழியாக உரியவர்களுக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டு வருகிறது. ஆனால் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று அழைப்பவர்கள் அதே கூட்டத்தார். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அழைப்பதற்கு முன் பணம் போன தேதி, நேரம், தொகை, வங்கிச் செய்தியில் உள்ள பரிமாற்ற எண், நீங்கள் பணம் போட்ட கணக்கு அல்லது யுபிஐ முகவரி ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் உரையாடல்களைப் படமெடுத்து வையுங்கள். வெளியேறிய பின்பு அவை கிடைக்காமல் போகலாம். கொண்டாப்பூரில் இருப்பவர்களுக்கு சைபராபாத் காவல் ஆணையரகம் பக்கத்திலேயே, கச்சிபௌலியில் இருக்கிறது. தெலுங்கு தெரியாத தாய்மார் போகும்போது, சபையில் அந்த மொழி நன்றாய் அறிந்த சகோதரர் ஒருவர் கூடப் போய், அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துச் சொல்லட்டும்.